கேள்வி இல்லாத ஸ்கேன்

ஒன்பதாம் மாதத்தில் ஸ்கேன் அறையை விட்டு வெளியே வரும் பெண்ணிடம் வாசலில் காத்திருக்கும் அம்மாவோ மாமியாரோ கேட்பது, "என்ன சொன்னாங்க?" என்பதுதான். அதற்கு வழக்கமாக வரும் பதில்கள் நான்கு. தண்ணி கம்மியா இருக்காம். கொடி சுத்தியிருக்காம். நஞ்சு கீழே இருக்காம். குழந்தை வெயிட் கூடவாம். நான்கும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன, வீட்டுக்குப் போனதும் நான்கும் ஒரே அளவு பயமாக மாறுகின்றன. உண்மையில் இவற்றின் எடை வேறு வேறு. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது நிறைமாதத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்றிடம் காணப்படுவது. பிரசவம் எப்படி முடியும் என்பதை அதிலிருந்து பெரும்பாலும் ஊகிக்க முடியாது. நஞ்சு கீழே இருப்பதாக ஐந்தாம் மாதத்தில் சொன்னால், கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு விரியும்போது பத்தில் ஒன்பது பேருக்கு அது தானாகவே மேலே போய்விடும். அதே வாக்கியத்தை ஒன்பதாம் மாதத்தில் சொன்னால் அது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. தண்ணீர் கம்மி என்பது எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. எடை கூட என்பது பத்து சதவீதத்துக்கு மேலும் பிசகக்கூடிய ஒரு மதிப்பீடு.

கர்ப்பத்திலும் பிரசவத்திலும் வரப்போகும் சிக்கலை ஸ்கேன் முன்கூட்டிச் சொல்லுமா? இப்படிப் பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சிக்கலை, எந்த வாரத்தில், எந்தப் பெண்ணிடம், கண்டால் என்ன செய்வதற்காக என்று சேர்த்துக் கேட்டால் பதில் உண்டு, சில இடங்களில் வியப்பூட்டும் பதில் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த பெரிய சோதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கேள்வியோடு எடுத்த ஸ்கேன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, கேள்வி இல்லாமல் எடுத்த ஸ்கேன் எண்களை மட்டும் கொடுத்திருக்கிறது என்பது என் வாதம். இரண்டாவது வகை நம்மிடையே பெருகிக்கொண்டு வருவதால் இதைப் பொதுமேடையில் பேசவேண்டியிருக்கிறது.

இந்தக் கருவி ஆரூடம் சொல்லப் பிறந்ததில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரென்ஃப்ரூவில் பாய்லர் செய்யும் ஒரு தொழிற்சாலை. இரும்புத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலையை அனுப்பிப் பார்ப்பது அங்கே வழக்கம். மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1955-இல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்துக்கொண்டார்கள். நீர் நிறைந்த கட்டியும் திடமான கட்டியும் வேறு வேறு எதிரொலி தருவது அங்கேதான் அவருக்கு உறுதியானது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் இருவருடனும் சேர்ந்து 1958-இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ். வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பையில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டிதான் என்று காட்டி, அதை அகற்ற வழிசெய்த கருவி இது. இருப்பதைப் பார்ப்பது அதன் முதல் தொழில். இனி வரப்போவதைச் சொல்வது பிறகு நாம் அதன் தலையில் வைத்த சுமை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு சிக்கல் நூற்றில் ஒரு கர்ப்பிணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முன்கூட்டிச் சொல்லும் ஒரு ஸ்கேன், வரப்போகும் 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும். வராத 10 பேரில் ஒருவரைத் தவறாகப் பயமுறுத்தும். கேட்பதற்கு நல்ல கருவியாகத்தான் தெரிகிறது. 1,000 பெண்களுக்கு எடுத்தால் சிக்கல் வரப்போகும் 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் 99 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். ஆக, "ஆபத்து" என்று முத்திரை குத்தப்பட்ட 108 பேரில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் அரிதான சிக்கலைத் தேடும் எந்தச் சோதனைக்கும் கணக்கு இந்த வழியில்தான் போகும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நாம் கொடுக்கப்போவது ஒரு சாதாரண மாத்திரை என்றால் பதினோரு பேருக்கு நஷ்டம் பெரிதில்லை. கொடுக்கப்போவது வயிற்றைக் கிழிக்கும் அறுவை என்றால் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும்.

இனி, முன்கூட்டிச் சொல்வது மிக நன்றாகப் பலித்த ஓர் இடம். சில கர்ப்பங்களில் தொப்புள்கொடியின் ரத்தக்குழாய்கள் நஞ்சில் நேராகப் போய்ச் சேராமல், பாதுகாப்பு உறை ஏதுமின்றிப் பனிக்குடச் சவ்வில் ஓடி, கருப்பை வாய்க்கு மேலே குறுக்கே கிடக்கும். மருத்துவர்கள் இதை வாசா பிரீவியா என்கிறார்கள். தாய்க்கு ஒரு வலியும் இல்லை, குழந்தை நன்றாக அசைந்துகொண்டிருக்கும், எடை சரியாக இருக்கும். பனிக்குடம் உடையும் அந்த நிமிடத்தில் குழாயும் சேர்ந்து கிழிந்தால் வெளியேறுவது குழந்தையின் ரத்தம். குழந்தையின் உடம்பில் மொத்தம் இருப்பதே ஒரு டம்ளர் அளவுதான். 155 கர்ப்பங்களைத் தொகுத்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரசவத்துக்கு முன்பே கண்டறியப்பட்டவர்களின் குழந்தைகளில் 97 சதவீதம் பிழைத்தன, கண்டறியப்படாதவர்களின் குழந்தைகளில் 44 சதவீதம். பழைய பதிவுகளைத் திரட்டிய ஆய்வு இது, சீட்டுப் போட்டுப் பிரித்த சோதனை இல்லை என்பதால் எண்களில் சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். தள்ளுபடிக்குப் பிறகும் இடைவெளி மலையளவு. இங்கே எல்லாம் சேர்ந்து அமைந்திருப்பதைக் கவனியுங்கள்: கருப்பை வாய்க்கு மேல் ரத்தக்குழாய் ஓடுகிறதா என்ற ஒரே கேள்வி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ண டாப்ளர் ஸ்கேனில் ஆமா, இல்லை என்று பார்க்கக்கூடிய விடை, வலி வருமுன் நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் என்ற ஐயத்துக்கு இடமில்லாத பரிகாரம்.

குறைமாதப் பிரசவத்தில் விடை இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதில்லை, ஆனாலும் பயன் உண்டு. கருப்பை வாயின் நீளம் குறையக் குறைய முன்னதாகவே பிரசவமாகும் வாய்ப்பு படிப்படியாக ஏறுவதை, அமெரிக்காவில் 2,915 பெண்களை அளந்து 1996-இல் காட்டினார்கள். நீளத்தை அளந்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உறுதியான பதில் இல்லை. 2007-இல் வெளியான சோதனையில் 24,620 பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். வாயின் நீளம் 15 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்கள் 413 பேர், நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்களில் சம்மதித்த 250 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் இரவுதோறும் வைக்கச் செய்தார்கள். 34 வாரத்துக்குள் தானாகப் பிரசவமானவர்கள் வெற்று மருந்துக் கூட்டத்தில் 34.4 சதவீதம், புரோஜெஸ்டிரோன் கூட்டத்தில் 19.2 சதவீதம். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும்: மருந்து வைத்தும் ஐந்தில் ஒருவருக்கு முன்னதாகப் பிரசவம் ஆகிவிட்டது, வெற்று மருந்து வைத்த மூன்றில் இருவருக்கு ஆகவில்லை. குறுகிய கருப்பை வாய் தலையெழுத்தில்லை. ஆனால் மருந்து எளியது, தவறாகக் கொடுத்தாலும் கேடு சொற்பம் என்பதால் இந்த அளவு கணிப்பே போதுமானதாகிறது.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வலிப்பு வரைக்கும் போகும் ப்ரீ-எக்லாம்சியா விஷயத்தில் நேரம் என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியவருகிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சு வேர்விடும் இடத்தில் தாயின் சுருள் தமனிகள் இளகி அகலவேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. அப்போது கருப்பைத் தமனியில் ரத்தம் தடைபட்டு ஓடும், அந்தத் தடையை 12-ஆவது வாரத்திலேயே டாப்ளரில் அளக்கலாம். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே சோதனையில் இந்த அளவோடு தாயின் ரத்த அழுத்தம், ரத்தத்தில் இரண்டு புரதங்கள், அவருடைய உடல்நல வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தைக் கணக்கிட்டார்கள். ஆபத்து கூடுதல் என்று வந்தவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். 37 வாரத்துக்குள் வரும் ப்ரீ-எக்லாம்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. நிறைமாதத்தில் வரும் நோய் அசையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாகக் கிடைக்கும். ஆகவே அதே தமனியை ஏழாம் மாதத்தில் எவ்வளவு உயர்ந்த கருவியில் பார்த்தாலும் இந்தப் பரிகாரத்துக்கு அது உதவாது. இன்னொன்று, அந்தக் கணக்கில் ஸ்கேன் ஒரு பங்குதாரர் மட்டுமே. கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டைக்கும் அதில் சம இடம் உண்டு, அதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இப்போது மறுபக்கம். பொதுவாக எல்லோருக்கும் எடுத்துப் பார்ப்போம், எது கிடைத்தாலும் நல்லதுதான் என்ற நோக்கில் நடந்த சோதனைகள். அமெரிக்காவில் ரேடியஸ் என்ற சோதனை, 1993-இல் முடிவு வெளியானது. ஆபத்து குறைவான 15,151 கர்ப்பிணிகள். ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக 2.2 ஸ்கேன், மற்றதற்கு 0.6. குழந்தைக்கு நேர்ந்த பாதகமான விளைவுகள் ஒரு பக்கம் 5.0 சதவீதம், மறுபக்கம் 4.9. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் ஹெல்சிங்கியில் 9,310 பெண்களிடம் நடந்த சோதனையில் இதற்கு மாறாக ஸ்கேன் எடுத்த கூட்டத்தில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 9.0-லிருந்து 4.6-ஆகக் குறைந்திருந்தது. ஸ்கேனை ஆதரிப்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். குறைவுக்குப் பெரிய காரணம், கடுமையான குறைபாடுள்ள கருக்கள் முன்பே தெரிந்து கர்ப்பம் கலைக்கப்பட்டது. அது பெற்றோருக்குக் கிடைத்த முக்கியமான தகவல், அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் இறக்கவிருந்த குழந்தை பிழைத்தது என்று அந்த எண்ணை வாசிப்பது பிழை.

நெதர்லாந்தின் ஐரிஸ் சோதனை, 2019, இன்னும் நேரடியானது. 13,046 பெண்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டுபிடிக்க 28 முதல் 30 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 34 முதல் 36-க்குள் இன்னொன்று. பலன் கிடைத்தது: எடை குறைந்து பிறக்கப்போகும் குழந்தைகளில் 19 சதவீதம் பிடிபட்ட இடத்தில் 32 சதவீதம் பிடிபட்டன. அடுத்த வரியைப் படியுங்கள். கடுமையான பாதகம் நேர்ந்தவை ஒரு கூட்டத்தில் 1.8 சதவீதம், மற்றதில் 1.7. கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள், கூடுதலாகக் காப்பாற்றவில்லை. சின்னதாக இருக்கும் குழந்தைகளில் பல ஆரோக்கியமாகவே சின்னவை. உணவும் ஆக்சிஜனும் கிடைக்காமல் சின்னதானவை சில. எடை மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது ரத்த ஓட்டம். நஞ்சு சீர்கெடும்போது தொப்புள்கொடித் தமனியில் இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்து ஓட்டம் மெலிந்து, பிறகு நின்று, கடைசியில் பின்னோக்கியே பாயும். படிப்படியாக இறங்கும் இந்த அடையாளத்துக்கு டாப்ளர் மிகப் பொருத்தமான கருவி. 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற சோதனைகளை ஒன்றுதிரட்டிய காக்ரேன் தொகுப்பில், ரத்தக்கொதிப்பு, வளர்ச்சிக் குறைவு போன்ற ஆபத்து உள்ள கர்ப்பங்களில் இந்த டாப்ளர் குழந்தை இறப்பை 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைத்தது. ஆபத்து இல்லாத எல்லோருக்கும் அதையே எடுத்த சோதனைகளில் அத்தகைய பலன் தென்படவில்லை. அதே கருவி, அதே தமனி. மாறியது, கேள்வி எழுவதற்குக் காரணம் இருந்ததா என்பதுதான்.

பலன் இல்லையென்றால் போகிறது, தீங்கு என்ன என்பார்கள். ஸ்கேனில் இருப்பது ஒலி. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லை, மருத்துவத் தேவைக்கு உரிய அளவில் எடுத்ததால் குழந்தைக்குக் கேடு வந்ததாக நிரூபணம் இல்லை. இந்த அளவுக்கு மறுப்பாளர்கள் சொல்வது சரி. தீங்கு எண்ணில் தொடங்குகிறது. பனிக்குடநீரை அளக்க இரண்டு வழிகள் உண்டு. வயிற்றை நான்காகப் பிரித்து நான்கு இடத்து ஆழத்தையும் கூட்டி, 5 சென்டிமீட்டரோ அதற்குக் கீழோ வந்தால் குறைவு என்பது ஒன்று. மிக ஆழமான ஒரே இடத்தைப் பார்த்து, அது 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு என்பது மற்றது. 2016-இல் வெளியான சேஃப் சோதனையில் பெண்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு முறையில் அளந்தார்கள். முதல் முறையில் 9.8 சதவீதப் பெண்களுக்கு "தண்ணி கம்மி", இரண்டாவதில் 2.2 சதவீதத்துக்கு. மருந்து கொடுத்து வலி வரவழைக்கப்பட்டவர்களில் இந்தக் காரணத்துக்காக வரவழைத்தது முதல் முறையில் 12.7 சதவீதம், மற்றதில் 3.6. குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. எந்தச் சூத்திரத்தால் அளந்தார்கள் என்பதே நாலு மடங்கு பெண்களை "சிக்கல்" வரிசையில் நிறுத்திவிட்டது.

பெரிய குழந்தை விஷயம் இதற்கும் ஒரு படி மேலே. தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து எடையை ஊகிக்கிறார்கள், மூன்றரைக் கிலோ என்று வந்தால் அது மூன்றே கால் ஆகவும் இருக்கலாம், நாலுக்குப் பக்கமாகவும் இருக்கலாம். தோள் சிக்கிக்கொள்ளும், கை நரம்பு அறுந்துவிடும் என்ற பயம் உண்மையானது, ஆனால் அரிதானது. நீரிழிவு இல்லாத பெண்களில், நாலரைக் கிலோ என்று ஸ்கேன் சொன்னவர்களுக்கெல்லாம் சிசேரியன் செய்தால், நிரந்தரமாகக் கை நரம்பு பாதிக்கும் ஒரு குழந்தையைத் தடுக்க 3,695 சிசேரியன் தேவைப்படும் என்று 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். கொடி சுற்றியிருப்பதற்கு இந்த அளவு கணக்குகூட இல்லை. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பழைய பயத்தை நாம் ஏறக்குறைய உதறிவிட்டோம். அதே கொடி இப்போது ஸ்கேன் அறிக்கை வழியாக வந்து அறுவை அரங்குக்குக் கூட்டிப்போகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கு மேல். இதற்கு ஸ்கேனைத் தனிக் குற்றவாளியாக்க மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொரு சிசேரியனும் கருப்பையில் ஒரு தழும்பை விடுகிறது, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பில் வேரூன்றிப் பிரிய மறுக்கும் ஆபத்து ஒவ்வொரு அறுவைக்கும் ஏறுகிறது. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் ஸ்கேனிடமே போகிறோம். அங்கே அது மிகத் தேவையான ஸ்கேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எதிர்ப்புகளில் கனமானது, இந்தச் சோதனைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை, நம் நாட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்பது. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் இங்கே அதிகம், ரத்தசோகை அதிகம், ஆபத்து இல்லாதவர் என்று ஒருவரை ஒதுக்குவதே கடினம். இதில் பாதியை ஏற்கிறேன். தென்னாப்பிரிக்காவில் மமெலோடியில், ஆபத்து குறைவு என்று கருதப்பட்ட பெண்களுக்கு எளிய டாப்ளர் கருவியால் பார்த்தபோது, தொப்புள்கொடி ஓட்டம் துடிப்புகளுக்கு இடையில் நின்றே போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்தார்கள். செல்வ நாடுகளில் எதிர்பார்ப்பதைவிட இது பல மடங்கு. அத்தகைய மக்களிடம் டாப்ளர் கேள்வியை எல்லோரிடமும் கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கருவியை மட்டும் கொண்டுபோய் இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசு, குவாத்தமாலா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமப்புறங்களில் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளுக்கு இருமுறை ஸ்கேன் எடுக்கவைத்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. தாய் சேய் இறப்பு குறையவில்லை, ஸ்கேன் உண்டு என்பதற்காக மருத்துவமனைக்கு வந்து பிரசவிப்போர் எண்ணிக்கையும் கூடவில்லை. நஞ்சு கீழே இருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தாலும், அந்தப் பெண்ணைக் கொண்டுபோக வண்டியும், போய்ச் சேரும் இடத்தில் ரத்தமும், நள்ளிரவில் மயக்க மருத்துவரும் இல்லையென்றால் அந்தக் கண்டுபிடிப்பு ஒரு காகிதம்.

கருவிகள் முன்னேறிவிட்டன, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, பழைய சோதனைகளை வைத்துப் பேசலாமா என்பது அடுத்த எதிர்ப்பு. ரேடியஸ் காலத்துக் கருவிகள் மங்கலானவை, அதில் குறைபாடுள்ள கருக்களில் பெரும்பாலானவை தப்பிப்போயின என்பது உண்மை. ஆனால் துல்லியம் கூடினால் பலனும் கூடும் என்பது தனியாக நிரூபிக்கவேண்டிய விஷயம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும் முன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் மட்டும் பார்த்தபோது 20.2 சதவீதம் தவறு, ஸ்கேனும் சேர்ந்தபோது 1.6 சதவீதம் தவறு என்று 2014-இல் ஒரு சோதனை காட்டியது. பன்னிரண்டு மடங்கு துல்லியம். தாய்க்கும் சேய்க்கும் நேர்ந்த காயங்களில் மாற்றம் இல்லை. தவறைத் திருத்தியதற்கும் விளைவைத் திருத்தியதற்கும் இடையில் ஒரு நீண்ட தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தை நடந்துகாட்டுவது கருவியை விற்பவரின் பொறுப்பு.

மேம்பட்ட கணக்கு உண்மையில் உதவக்கூடிய ஒரு இடம், பலரும் கவனிக்காத இடம்: தேதி. எட்டு முதல் பதின்மூன்று வாரத்துக்குள் கருவின் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து வயதைச் சொன்னால் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கும். ஏழாம் எட்டாம் மாதத்தில் முதல்முறை அளந்தால் மூன்று வாரம் வரை பிசகும். இது ஏதோ நாள்காட்டிச் சமாச்சாரம் போலத் தோன்றும். குன்றிய குழந்தையை எட்டாம் மாதத்தில் முதல்முறையாக அளந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 34 வாரக் குழந்தை, நஞ்சு சரியாக ஊட்டாததால் 31 வார அளவில் இருக்கிறது. கருவி 31 வாரம் என்று சொல்லும், அதற்கேற்பத் தேதியைத் தள்ளி எழுதுவார்கள். அந்தக் கணமே குழந்தை "வயதுக்கு ஏற்ற எடை" ஆகிவிடுகிறது. ஆபத்தைக் கண்டுபிடிக்க எடுத்த ஸ்கேன் ஆபத்தை மூடி மறைத்துவிட்டது. பிறகு எத்தனை வளர்ச்சி ஸ்கேன் எடுத்தாலும் எல்லாம் அந்தப் பொய்த் தேதியின் மேல் கட்டிய கட்டடம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைத்தது 24 வாரத்துக்கு முன் ஒரே ஒரு ஸ்கேன், அதன் முதல் நோக்கம் வயதை உறுதிசெய்வது. நாம் இதுவரை பயன்படுத்திவந்த வயதுச் சூத்திரங்கள் வெளிநாட்டுப் பெண்களை அளந்து எழுதியவை. சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாதிலுள்ள ஆய்வு நிறுவனமும் சேர்ந்து குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களின் தரவுகளைக் கொண்டு 'கர்பிணி' என்ற இந்தியச் சூத்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள், தாமதமாக வருபவர்களின் வயதைக் கணிப்பதில் பிழை வெகுவாகக் குறைவதாக அறிவித்திருக்கிறார்கள். கணினி இறங்கி வேலைசெய்ய ஏற்ற இடம் இது, ஏனென்றால் இங்கே கேள்வி தெளிவாக இருக்கிறது.

கடைசி மாதத்து ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தலை கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் 3,879 பெண்களை 36-ஆவது வாரத்தில் பார்த்தபோது 179 குழந்தைகள் கால்மாறிக் கிடந்தன, அவற்றில் பாதிக்கு மேல் அதுவரை யாரும் சந்தேகிக்காதவை. வயிற்றைத் தடவிப் பார்த்த அனுபவக் கைகளுக்கே தப்பிப்போனவை. தெரிந்துவிட்டால் வெளியிலிருந்து திருப்பிப் பார்க்கலாம், முடியாவிட்டால் நாள் குறித்து அறுவை செய்யலாம், வலி வந்தபிறகு கால் முதலில் இறங்கும் திகில் இல்லை. இரண்டு நிமிட வேலை. ஒற்றைக் கேள்வி, உறுதியான விடை, கையில் தயாராக மாற்று. அதே மேசையில், அதே ஜெல்லில், கூடவே எடையையும் தண்ணீரையும் கொடியையும் எழுதிக் கொடுக்கும்போதுதான் விவகாரம் வேறு பாதையில் போகிறது.

மனநிம்மதிக்காகப் பார்க்கிறோம் என்ற வாதத்துக்கு நான் சுருக்கமாகவே பதில் சொல்வேன். குழந்தையின் துடிப்பைத் திரையில் பார்ப்பது சந்தோஷம், அதை யாரும் பறிக்கவேண்டாம். ஆனால் சந்தோஷத்துக்காக எடுத்த படத்திலிருந்து முன்கணிப்பு அறிக்கை எழுதக்கூடாது.

இந்த நாட்டில் ஸ்கேனுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஆணா பெண்ணா என்ற தவறான கேள்வியை அதனிடம் கேட்டோம். அந்தக் கேள்வியைத் தடைசெய்ய 1994-இல் சட்டம் வந்தது, 2003-இல் அது இறுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் அறையில் படிவம் 'எஃப்' நிரப்புகிறார்கள். பாலினம் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதே படிவத்தில், எதற்காக இந்த ஸ்கேன் என்று குறிக்கவும் ஓர் இடம் இருக்கிறது, 20-க்கும் மேற்பட்ட காரணங்களின் பட்டியலோடு. காரணம் இருந்தால் மட்டுமே கர்ப்பத்தில் ஸ்கேன் என்று விதியே சொல்கிறது. பெண் சிசுவைக் காக்க எழுதிய அந்த வரி, இன்று நான் இவ்வளவு நேரம் பேசியதையும் தனக்குள் வைத்திருக்கிறது. நடைமுறையில் அந்த இடம் பழக்கத்தில் ஒரு டிக் போட்டுத் தாண்டப்படுகிறது. "30 வாரம், முன்பு இரண்டு சிசேரியன், நஞ்சு முன்சுவரில் கீழே, பழைய தழும்புக்குள் போயிருக்கிறதா?" என்று அனுப்பும் மருத்துவர் அங்கே எழுதியிருந்தால், படம் பார்ப்பவர் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்ப்பார், அந்தப் பெண்ணுக்குப் பெரிய மருத்துவமனையில் இடம் சொல்லிவைக்கவும், ரத்தம் கொடுக்க ஆள் சேர்க்கவும், இன்னும் நாலைந்து வாரம் கையில் இருக்கும்.